அப்பா மாற்றிய கடவு எண்

பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாவுக்கு டேப்லெட்தான் வாய்; படத்தைத் தொட்டால் அது பேசும். அன்று காலை நான் மறுபடி மறுபடி வழக்கமான கடவு எண்ணைப் போட்டும் "தவறு" என்றே காட்டியது. அப்பா வேறு இடது கையை நீட்டிக்கொண்டே இருந்தார். "சும்மா இருங்கப்பா!" என்று கத்திவிட்டு, எஸ்டேட்டிலிருந்து பகாவ் டவுனில் இருக்கும் கைப்பேசிக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போனேன்.

"எல்லாத்தையும் அழிச்சாத்தான் திறக்கும் லா, அக்கா" என்றார் கடைக்காரர்.

மாதக்கணக்கில் சேர்த்த சொற்களை அழிக்க மனம் வரவில்லை. வீடு திரும்பி, எரிச்சலோடு டேப்லெட்டை அப்பாவின் மடியில் போட்டேன். அவர் நிதானமாக நான்கு எண்களைத் தொட்டார். திறந்துகொண்டது!

"நீங்களா மாத்தினீங்க? ஏம்ப்பா?"

ஒரு படத்தைத் தொட்டார். "இது என்னுது" என்றது டேப்லெட்.

குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அவருக்கென்று ஒன்று வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த எண்ணை இன்றுவரை நான் கேட்கவில்லை.