கழிப்பை மிதித்தவர்

டென்மார்க்கின் ஓகூஸ் நகர ஆஸ்பத்திரிக்கு இதய ஒப்பரேஷனுக்காகப் புறப்பட வேண்டிய காலையில், குப்பை போடப் போன என் கணவர் முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"நான் வரேல்லையப்பா. ஆரோ வளவுக்கை கழிப்புக் கழிச்சு வைச்சிருக்கினம். மிதிச்சுப்போட்டன்."

ஊரில் ஒருவரைப் பிடித்த பீடையை இறக்கி, வெட்டின எலுமிச்சங்காயோடும் கறுப்புத் துணியோடும் சந்தியில் போட்டுவிடுவார்கள். அதுதான் கழிப்பு. மிதித்தவரை அது பிடித்துக்கொள்ளுமாம். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். அதெல்லாம் சைவக்காரரின் விஷயம் என்று வாயால் சொல்லுவோம். வழியில் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

வெளியே போய்ப் பார்த்தேன். புல்லில் வட்டமாகக் கற்கள். நாலு பக்கமும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று துணித்துண்டுகள். நடுவில் ஒரு சின்ன மரச்சிலுவை. ஆருடைய வேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி கனடாவின் பூர்வகுடிப் பெண். டேனிஷ்காரனைக் கட்டி, நாங்கள் இருக்கும் ஹோர்சன்ஸுக்கு வந்தவள். ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். ஒருமுறை பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, செபமாலையோடு கோத்திருந்த பாசிமணி வட்டத்தைக் காட்டினாள். நாலு திசை, நாலு நிறம், மனிதனுக்கு நாலு பருவம். அது தன் சனத்தின் மருந்துச் சக்கரம் என்றாள்.

"சாமியாருக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"சிலுவைக்கும் நாலு கைதானே" என்றாள். "சிறுவயதில் என் அம்மாவிடமிருந்து இதைப் பறித்தது கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். எனக்கு இயேசுவைத் தந்ததும் அதே திருச்சபைதான். நான் இரண்டையும் விடமாட்டேன்."

அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கோ பத்திக்கொண்டு வந்தது. செபிக்கிறதென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செபித்தால் என்ன, வாய் தேய்ந்தா போகும்? கதவைத் தட்டி அவளை இழுத்து வந்து இவர் முன்னால் நிறுத்தினேன்.

"உங்களுக்காகத்தான் வைத்தேன், சுகமாகத் திரும்பி வர வேண்டுமென்று" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

இவர் கேட்டார்: "நான் மிதிச்சது கறுப்பு. கறுப்பு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிச் சொல்லாதே என்றேன்.

"மேற்கு" என்றாள். "சூரியன் மறையும் பக்கம். எங்கள் இறந்தவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்."

மாதாவே! இவளுக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லையே! இவர் கட்டிலில் போய் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"இந்த இதய வால்வு மாரிக் குளிரைத் தாண்டாது எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ? ஒரு துண்டுத் துணிக்குப் பயந்து சாகப் போறியளோ? எழும்புங்கோ!"

கழற்றின சப்பாத்தைத் திரும்பக் காலில் மாட்டினார். பிறகு, "நீர் பொறுப்பெண்டால் வாறன்" என்றார்.

"ஓம், நான்தான் பொறுப்பு. வாங்கோ."

அவள் குனிந்து அவருடைய சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டாள். பிறகு அவர் நெற்றியில் சிலுவை வரைந்தாள். அவர் தடுக்கவில்லை. ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. காரில் எங்களோடு அவளும் வந்தாள்.

ஒப்பரேஷன் முடியப் பின்னேரமாகும் என்று சொல்லி அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காத்திருக்கும் அறையில் அவள் தன் தாயின் பாஷையில் செபமாலை சொன்னாள். விளங்காத அந்தச் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்து என்றேன். நிறுத்தினாள். அறை அடங்கிப்போக அதைவிடப் பயமாக இருந்தது. சொல்லு, சொல்லு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். சாவுச் செய்தி சொல்ல நாங்கள் ஒருபோதும் தனியே போவதில்லை. இரண்டு பேராகப் போவோம். சொந்தக்காரரை முதலில் கதிரையில் இருத்துவோம், பிறகுதான் வாயைத் திறப்போம்.

மத்தியானம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. நான் எழும்பி நின்றேன். டொக்டரும் ஒரு நேர்ஸும் வந்தார்கள். நேர்ஸ் கதவை மெதுவாகச் சாத்தினாள். டொக்டர் எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "கொஞ்சம் இருங்கள்" என்றார்.

நான் இருக்கவில்லை.