நெற்றியில் ஒட்டிய சிவப்பு மை

போட்டோவின் முதுகில் எழுதுவதைப்போல் தொல்லை பிடித்த வேலை வேறில்லை. பால்பாயிண்ட் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். அழுத்தி எழுதினால் மறுபக்கம் ஆளின் கன்னத்தில் புடைத்துக்கொண்டு வரும். பென்சில் அந்த வழவழப்பில் ஒட்டவே ஒட்டாது. சனியன், எதில்தான் எழுதுவது?

எழுதாமல் விடவும் வழியில்லை. அம்மாவுக்கு மறதி நோய். மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர், இப்போது சுங்கைப்பட்டாணித் தாமான் குடியிருப்பு வீட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்கிறார். தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு மட்டும்தான் வருவான். அவன் முகம்தான் அம்மாவிடமிருந்து முதலில் நழுவியது. படங்களைக் காட்டிப் பேசுங்கள் என்றார் கிளினிக் டாக்டர். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டால் யார் காட்டுவது? நல்லவேளையாக அம்மாவுக்குத் தமிழ் வாசிப்பு இன்னும் போகவில்லை. கைப்பேசியில் கிடந்த படங்களைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அவரே திருப்பிப் படித்துக்கொள்ளட்டும், பெற்ற பிள்ளையையாவது மறக்காமல் இருக்கட்டும் என்று எனக்கு ஒரே வெறி.

கடைசியில் கைகொடுத்தது, நோட்டுத் திருத்தும் சிவப்பு ஜெல் பேனா. ‘இது உங்கள் மகன். சிங்கப்பூரில் வேலை. நன்றாக இருக்கிறான்’ என்று தம்பி படத்தின் பின்னால் எழுதினேன். ஆனால் அந்த மை லேசில் காயாது. எல்லாப் படங்களையும் ஹால் தரையில் காற்றாடிக்கு அடியில் கவிழ்த்துப் பரப்பினேன். “ம்மா, தொட்றாதீங்க, ஈரம்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

சொன்னது எங்கே அவர் மனதில் நிற்கும்? விளக்கு வைக்கிற நேரத்தில் தரையில் எதுவும் இறைந்து கிடக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. நான் வருவதற்குள் அத்தனை படத்தையும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாமி மேடையில் வைத்து விளக்கும் ஏற்றிவிட்டார். பதறிப்போய்ப் பிரித்தேன். ஒன்றின் முதுகில் இருந்த மை அடுத்ததன் முகத்தில் ஏறியிருந்தது. தம்பியின் நடு நெற்றியில் பெரிய சொட்டாக, குங்குமம் வைத்ததுபோலவே ஒட்டியிருந்தது. நம் வீடுகளில் செத்தவர் படத்துக்குத்தானே பொட்டு வைப்போம்!

“ஐயோ, தம்பி படம்!” என்று என்னை மீறிக் கத்திவிட்டேன். அம்மா படத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

“ஐயோ, என் மவனுக்குப் பொட்டு வச்சிட்டீங்களா! எப்படி செத்தான்? எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“மை ஒட்டிக்கிச்சும்மா! நல்லா இருக்கான்னு பின்னால எழுதியிருக்கேன், படிங்க!”

திருப்பினால் பின்னால் ஓர் எழுத்துகூட உருப்படியாக இல்லை. எல்லாம் சிவப்பாக ஈஷியிருந்தது.

உடனே தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன். “அம்மா, நான்தாம்மா” என்று கத்தினான். “யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கட்டும்” என்று அம்மா கைப்பேசியை என்னிடமே நீட்டிவிட்டார். அன்றிலிருந்து எதையெதையோ மறந்தார். அவன் செத்ததை மட்டும் மறக்கவில்லை. படத்தை ஒளித்துவைத்தும் பார்த்தேன். வெறும் சுவரைப் பார்த்து அழுதார். தாங்க முடியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது.

தீபாவளிக்கு முதல்நாள் செத்தவர்களுக்குப் படையல். மகனுக்கு நண்டு வைக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். கடலோரம் கோத்தா கோலா மூடா வரை போய் வாங்கி வந்து நானே ஆக்கினேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? தம்பி பையோடு உள்ளே நுழைந்தபோது, அப்பா படத்துக்குப் பக்கத்தில் அவன் படம் மாலையோடு இருந்தது. முன்னால் இலை போட்டிருந்தது. பையை வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

“யாரு தம்பி நீங்க? என் மவனோட கூட்டாளியா?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆமாம்மா. சிங்கப்பூர்ல ஒண்ணா வேல செஞ்சோம்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. படையல் இலையை அவன் முன்னால் நகர்த்தினார்.

“அப்ப நீங்களே சாப்புடுங்க. அவன் சாப்ட்ட மாதிரி இருக்கும்.”

தம்பி சாப்பிட்டான். அழுதுகொண்டே சாப்பிட்டான். அம்மா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“அழுவாதீங்க தம்பி. என் புள்ளதான் வராமலே போயிட்டான். நீங்களாவது உங்கம்மாவப் போய்ப் பாருங்க.”