கதிரையைத் தள்ளிப் போட்ட மாஸ்டர்

முந்தல் ஊரில் ஓர் இறால் பண்ணைக்கு ஐஸ் இறக்கிக்கொண்டு நின்றபோது என்னை அண்ணன் முறையில் நானா என்னும் எங்கள் ஆட்டக்காரன் ரிஸானின் அழைப்பு வந்தது. "நானா, மாஸ்டர் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க," என்றான். அன்று அஸர் தொழுகைக்குப் பின் ஹனீஸ் மாஸ்டரைப் புத்தளத்தில் நல்லடக்கம் செய்தோம்.

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்றுவிப்பாளர் அவர். உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அருமை விளங்க வேண்டுமென்றால், கழகச் செயலாளரான என்னுடைய இலட்சணத்தை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டம் தோற்றால் தேநீர்க் கடையில் கூட்டம் போடுவேன். மூன்றாவதும் தோற்றால் பயிற்றுவிப்பாளரை மாற்றிவிடுவேன். வருகிறவர் ஒவ்வொருவரும் புது ஆட்டமுறை ஒன்றைக் கொண்டுவருவார். இந்தக் கூத்தில் நசுங்கியவன் ரிஸான். நடுவில் நின்று பந்தை வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியவன். ஒருவர் பந்தைக் காலில் வைத்திரு என்றார். அடுத்தவர் பந்து வந்தவுடன் தூக்கி அடி என்றார். மூன்றாமவர் அவனை ஓரத்துக்கே துரத்தினார். விளையாட்டை விட்டுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லித் திரிந்தான்.

மாஸ்டர் வந்த முதல் மாலை முழுவதும் ஆட்டத்தை மட்டும் பார்த்தார். பிறகு என்னிடம், "செயலாளர், இவன்ட காலுல ஒரு கொறையுமில்ல. பந்து வந்தா, நாம என்ன சொல்லுவமெண்டு முதல்ல நம்மட கதிரையத்தான் பார்க்கிறான்," என்றார். மறுநாள் கோட்டோரம் நாங்கள் உட்காரும் கதிரைகளைத் தாமே தூக்கிக்கொண்டுபோய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டார். அங்கிருந்து நான் கத்தினால் களப்பு நீர்ப்பரப்பின் காற்றோடு போய்விடும். எனக்குக் கடும் கோபம்.

ஒரே ஆட்டமுறை, ஒரே இடம், ஒவ்வொரு மாலையும் அதே பயிற்சி. முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. வழக்கம்போல் கூட்டம் போட்டேன். மாஸ்டர் பால் கலக்காத பிளேன்டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "ஓம், என்னெ அனுப்புங்க. ஆனா ரிஸான நடுவுலயே வைங்க. வாரவருக்கு இந்த ஆட்டத்த நானே வந்து சொல்லிக் குடுக்கிறன்," என்றார். தம்மை விரட்டுகிறவனிடம் இப்படிக் கேட்ட மனிதரை நான் கண்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவரே பயிற்றுவிப்பாளராகத் தொடர்ந்தார்.

அடுத்த வருடம் மதுரங்குளியில் நடந்த ஆட்டத்தில், ஆளில்லாத இடத்துக்கு ரிஸான் பந்தைத் தட்டிவிட்டான். ஐயோ என்று நான் எழும்ப, எங்கள் முன்வரிசை வீரர் அங்கே ஓடி வந்து சேர்ந்தார். கோல். மாஸ்டர் கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கட்டார்க் கதையும் அதோடு நின்றது.

அடக்கம் முடிந்த கையோடு, கொழும்பிலிருந்து புதியவர் ஒருவரைக் கொண்டுவரலாம் என்று இரண்டு பேர் என் காதில் ஓதினார்கள்.

நேற்று மாலை பயிற்சி. கோட்டோரம் யாருமில்லை. முதல் பந்து வந்ததும் ரிஸான் அதை நிறுத்தினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு தலையைத் திருப்பி, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தான். சொல்ல எனக்கு நிறைய இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு களப்புப் பக்கம் முகத்தைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது பந்து ஆளில்லாத அதே பழைய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் வாய் திறக்கவில்லை மாஸ்டர். இனியும் திறக்கமாட்டேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.