பட்டி கட்டிவிட்ட நாள்

அம்மா இறந்த செய்தி காலை ஆறு மணிக்கு வந்தது. மட்டக்களப்பிலிருந்து அண்ணன்தான் போன் எடுத்தார். "அம்மா போயிட்டா. நாளைக்கு எடுக்கிறம். நீ வந்து சேர ஏலாது, அந்தரப்படாத" என்றார். சரி என்றேன். பிறகு, வெளிநாட்டில் நான் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். போகக்கூடாது என்று தோன்றவில்லை.

அப்போது எனக்குப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் தற்காலிக வேலை. புவாண்ட்-கிளேர் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகளின் இடுப்பிலும் கணுக்காலிலும் தீப்பெட்டி அளவான சென்சர்களைப் பட்டியால் கட்டிவிட வேண்டும். அவர்கள் ஓடுவதையும் துள்ளுவதையும் பந்தெறிவதையும் அவை பதிந்துகொள்ளும். எந்தப் பிள்ளைக்கு உடம்பு இன்னும் வசப்படவில்லை என்பது, கண்ணால் பார்ப்பதைவிட அதில் சரியாகத் தெரியுமா என்பதுதான் ஆய்வு. கணினியைக் கவனித்தவர் சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர்.

அன்று இரண்டாம் வகுப்பு. விரல்கள் தம்பாட்டில் பட்டிகளைக் கட்டின. ஒற்றைக்காலில் துள்ள வேண்டிய இடத்தில் ஒரு சிறுமி அசையாமல் நின்றாள். பிரெஞ்சில் காரணம் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்: "இது கறன்ட் அடிக்குமோ?"

"அடிக்காது, மனே."

அம்மா என்னைக் கூப்பிடும் சொல் அது. இந்த நாட்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. சிறுமி கொஞ்சம் துள்ளி, சரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா பதிவாயிருக்கு" என்றார் மாணவர்.

மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காததைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா அக்கா?" என்றார். சொன்னேன்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே. நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

"வீட்ட போய் என்ன செய்யிற? இன்னும் ஒரு வகுப்பு இருக்குதானே."

அவர் வற்புறுத்தவில்லை. பின்னேர வகுப்புக்குப் பட்டிகளை அவரே கட்டினார், பாதி தலைகீழாக. அவற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

இரவு கணவர் வேலை முடிந்து வந்தார். அண்ணன் அவருக்கும் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். "எங்க போயிருந்த?" என்று கணவர் கேட்டார்.

"வேலைக்கு."

அவர் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார். குளித்தேன், குடித்தேன், படுத்தேன். நித்திரையும் வந்தது.

அழுகை வர மாதங்கள் பிடித்தன. லவாலில் ஒரு கடையில் பனிச்சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் இறுக்குகிறதா என்று விற்பனைப் பெண் பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன். அவள் அடுத்த அளவை எடுத்துவரப் போனாள்.