கடைசி அறுபது பக்கம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. அக்கா போன பிறகு அவளுடைய இரண்டும் என்னிடம்தான் நின்றன. பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. அப்படிப்பட்ட நான் ஏழு தடித்த புத்தகங்களைக் கடைசி அறுபது பக்கம் தவிர எழுத்துக் கூட்டியே படித்திருக்கிறேன்.

மகள் வயிற்றுப் பேத்திக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாதென்று வாங்கியது அந்த ஏழில் முதல் புத்தகம். அவள் இரண்டு பக்கத்தில் போட்டுவிட்டாள். நான் எடுத்தேன். மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை. சுக்கைத் தரம் பிரித்துச் சாக்கில் போட்டு முடித்ததும் ஒரு பக்கம்; உடம்பு விட்டால் இரண்டு. பத்து வருடம் அப்படிப் போனது.

உப்புக் கோட்டை, பேசும் கடல், சிறகுள்ள உடும்பு என்று ஊரையே பைத்தியமாக்கிய கதை. எல்லாரும் இளவரசன் கட்சி. நான் கோட்டைவாசல் காவற்காரி கட்சி. வயதானவள். யாரை உள்ளே விடலாம் என்று அவளிடம்தான் கேட்பார்கள். கொஞ்சம் உட்கார் என்று அவளிடம் சொல்ல, படித்தவரை ஏழு புத்தகத்திலும் ஓர் ஆள் இல்லை.

பேத்தி பிறகு அதைப் போனில் படமாகப் பார்த்து முடித்தாள். அன்று முழுக்கச் சோறு தின்னாமல் கிடந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சாயாக்கடைச் சேட்டனும் பார்த்துவிட்டார்.

"சேச்சி, ஆ காவல்காரி இருக்கில்லே, அவசானம், கடைசீல அவ..."

"மேல சொன்னா இந்தச் சாயா உன் தலையில, சேட்டா."

"பத்து வருஷமா படிக்கிறீங்களே! இளவரசனுக்கே புள்ளை பொறந்தாச்சு."

"பாவி, அதையும் சொல்லிட்டியா!"

இந்த மழைக்காலத்தில், பார்க்கிற இடம் மட்டும் கறுத்துப்போனது. ஓரத்தில் சுவர் தெரிகிறது, சன்னல் தெரிகிறது. விரல் வைத்த எழுத்து தெரிவதில்லை. போனது திரும்பாது என்றார் டாக்டர். இன்னும் அறுபது பக்கம் இருக்கிறதே என்றேன். எதில் என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் பேத்தி ஒருத்திதான். மலையாளம் ஓடும், தமிழ் நொண்டும். அது பரவாயில்லை, நானும் நொண்டித்தான் வந்தேன். ஆனால் அவளுக்கு முடிவு தெரியும். நேற்று ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். காவற்காரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறாள், அவ்வளவுதான். அதற்குள் இவள் குரல் கம்மிவிட்டது.

"நிறுத்துடி."

"நான் ஒண்ணும் சொல்லலையே, அம்மாச்சி!"

"உன் தொண்டை சொல்லுது."

புத்தகத்தை வாங்கி மூடிவிட்டேன். எத்தனை பேர் வாயை அடைத்தாயிற்று, இனி இவள் தொண்டையை எப்படி அடைப்பது? அசதியாக இருந்தது. கேட்காமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் விட்டுவிட்டால் அந்தக் கிழவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றபடியே இருப்பாள்.

அதனால்தான் இன்று நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் அவளை எழுத வைத்தேன். கண் போன இடம் வந்தபோது மூக்கை உறிஞ்சினாள்.

"எழுதியாச்சா? இப்போ முதல்லேர்ந்து வாசி. சுக்குப் பிரிச்சதையும் கண்ணு போனதையும் ஒரே குரல்ல வாசிக்கணும். வாசிச்சிட்டா அந்த அறுபது பக்கமும் உன் கையில. ம், எழுபத்து நாலுன்னு ஆரம்பி."