இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

நான்தான் செய்தேன். உறையூர் அம்மன் சந்நிதியில் பழனியப்பன் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்ததற்குக் காரணம் அம்மன் அல்ல. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டியவன் நான்.

அவரிடம் சொல்லத் துணிவில்லாததை உங்களிடம் சொல்கிறேன். திருவெள்ளறைப் பக்கம் போனால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். வயது நாற்பத்தாறு. சோறு போடுவது டைப். பெயர் வாங்கித் தந்தது வாய். நான் காபி கிளப்புக்குள் நுழைந்தால் சர்வர் உட்படச் சிரிக்கத் தயாராகிவிடுவார்.

அறுபத்தேழில் நம் மாகாணத்தில் ஆட்சி மாறும் என்று சொன்னேன். மாறியது. ஒரு மனிதன் கெட்டுப்போக அந்த ஒரு வெற்றி போதாதா? அறுபத்தெட்டில் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் வந்தபோது நான் தீர்க்கதரிசியாகிவிட்டேன். வியட்நாம் யுத்தத்தை அமெரிக்கர்களே வெறுக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் யுத்தத்துக்கு முடிவு கட்டுவேன் என்றார். அன்றே அவர் என் ஆள் ஆகிவிட்டார். விஷயம் அவருக்குத்தான் தெரியாது.

"ஆட்சி மாறினா யுத்தம் நிக்கும்" என்றேன் கிளப்பில்.

தபாலாபீஸ் வரதன் ஆளுங்கட்சி வேட்பாளர் பக்கம். "சித்திரைத் தேரை நிறுத்தறதுக்கே எத்தனை முட்டுக்கட்டை போட வேண்டியிருக்கு! ஆள் மாறினா யுத்தம் நின்னுடுமாக்கும்?"

"என் ஆளு தோத்தா பாதி மீசையை எடுத்துட்டுச் சித்திரை வீதியைச் சுத்தி வரேன். உம்ம ஆளு தோத்தா?"

"நேக்கேது ஓய் மீசை?"

"குடுமி இருக்கே."

கிளப்பே சிரித்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான்...

அந்த வாரம்தான் பழனியப்பன் வந்தார். திருவெள்ளறையில் நெல்லும் வாழையும் போடுகிறவர். பத்து வருஷப் பழக்கம். அவர் மகன் செல்வராஜின் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தை டைப் அடித்தவன் நான். பையன் படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, அங்கேயே தங்க அனுமதியும் வாங்கியிருந்தான். அனுமதி வாங்கிய வெளிநாட்டாரையும் படைக்குக் கூப்பிடுவார்களாம். 'எனக்கும் அழைப்பு வரலாம். இப்போதே ஊருக்குக் கிளம்பினால் தப்பிக்கலாம். ஆனால் வேலை போய்விடும், மறுபடி உள்ளே விடமாட்டார்கள். என்ன செய்யட்டும் அப்பா?' என்று எழுதியிருந்தான்.

"நீங்க இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவரு. யுத்தம் நின்னுடுமா?" என்றார் பழனியப்பன்.

"நிக்கும்ண்ணே. நம்ம ஆளு வந்துருவாரு."

"நிச்சயமா?"

கிளப்பில் யாரும் கேட்காத கேள்வி அது. "நிச்சயமா" என்றேன்.

"சரிங்க. இருந்தாலும் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். நீங்களே பூக்கட்டுங்க."

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, மனத்துக்குள் கேட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பையன் அங்கேயே இருப்பது, சிவப்பு வந்தால் உடனே புறப்பட்டு வருவது என்று பேச்சு.

அவர் கற்பூரம் வாங்கப் போனார். என் கையில் நந்தியாவட்டை, செவ்வரளி, இரண்டு வாழையிலைத் துண்டு. சிவப்பு வந்துவிட்டால்...? செல்வராஜ் வந்து இறங்குவான். 'உம்ம சிநேகிதரே உம்ம ஆளை நம்பலையே ஓய்' என்பார் வரதன். கிளப் சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரிக்கும்!

இதற்காகத்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. செவ்வரளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பழனியப்பன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. முகம் மலர்ந்தது. அப்படியே இன்னொன்றையும் பிரிக்கப் போனார்... என் உயிர் அந்த வாழைநாரில் தொங்கியது.

"அதைப் பிரிக்காதீங்கண்ணே" என்று பிடுங்கினேன். "ஆத்தாளையே சோதிக்கிற மாதிரி ஆயிடும்."

"அட ஆமா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் அந்தப் பொட்டலத்தைக் காவிரியில் எறிந்தேன். 'ஆத்தா உத்தரவு, அங்கேயே இரு' என்று மகனுக்கு எழுதினார். உறையின் மேல் விலாசம் டைப் அடித்ததும் நான்தான். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

என் ஆளை நான் நம்பினேன், அதனால் செய்தேன் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். நம்பியிருந்தால் ஒரு சிவப்புப் பூவுக்கு ஏன் பயந்தேன்?

நவம்பரில் என் ஆள் ஜெயித்தார். வரதனின் குடுமியை மன்னித்து விட்டேன். அன்று ஸ்ரீரங்கத்திலேயே பெருந்தன்மையானவன் நான். தை மாதம் பதவியேற்றார். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. யுத்தம் நிற்கவில்லை. செல்வராஜுக்கு அழைப்பு வந்தது. ஆடியில் வியட்நாமிலிருந்து எழுதினான். பட்டாளத்து இங்கிலீஷ் தபாலைப் படிக்க ஆள் வேண்டுமே என்று பழனியப்பன் என் விலாசத்தையே கொடுக்கச் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு என் வீரத்தைக் கேளுங்கள். ஒரு நாள் வகுப்பில் பன்னிரண்டு மெஷினும் ஒரே சமயத்தில் துப்பாக்கி மாதிரி படபடத்தபோது மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். இதுவும் ஒரு சேஷ்டை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பேனா விழுந்துவிட்டது என்றேன். பேனா சட்டைப் பையில் இருந்தது. தபால்காரரைக் கண்டால் கொல்லைப்பக்கம் ஓடுகிறேன். போன மாதம் அப்படி ஓடிப் பதுங்கியது ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு. மீசை மட்டும் முழுசாக இருக்கிறது. கண்ணாடியில் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பழனியப்பனோ கல்லாக இருந்தார். "ஆத்தா வெள்ளை குடுத்திருக்கா. அவன் மேல ஒரு கீறல் விழாது. நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போறீங்க?" என்று எனக்கு ஆறுதல் சொல்வார். அவர் சாய்ந்து நின்ற சுவர் நான் கட்டிய பொட்டலம்...

இப்போது ஏழு வாரமாகக் கடிதம் இல்லை.

நேற்று வந்தார். முதல் முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "மனசு ஒரு மாதிரியா இருக்கு. பையன் நல்லா இருக்கானான்னு இன்னொரு தடவை கேட்டுருவோம். நீங்கதான் கட்டணும். உங்க கை ராசியான கை."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் வாயைத் திறந்தேன். "அண்ணே..."

"என்னங்க?"

"ஜன்னலோரமா உக்காருங்க. காத்து வரும்."

சந்நிதியில் அவர் கண்ணை மூடி நின்றார். உதடு மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் முதல் பொட்டலத்தில் வெள்ளையை வைத்தேன். இரண்டாவதற்குச் செவ்வரளியை எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். கை இலைவரை போயிற்று... பிறகு சட்டைப் பைக்குப் போயிற்று.

வெள்ளை வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். இன்னொன்றைப் பிரிக்க அவர் முயலவே இல்லை. அந்தப் பாடத்தைத்தான் நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேனே.

போன தடவை என் மீசைக்காக. இந்தத் தடவை அவருக்காக என்று சொல்லிப் பார்க்கிறேன். அவருக்காகத்தானா? சிவப்பு வந்திருந்தால் நானும் அதைப் பார்த்திருக்க வேண்டுமே...

என் மேசை இழுப்பறையில் பழைய ரிப்பன் டப்பா ஒன்று இருக்கிறது. போன வருஷத்து அரளி அதற்குள் கறுத்துச் சருகாகக் கிடக்கிறது. நேற்றையதையும் அதிலேயே போட்டிருக்கிறேன். இன்னும் வாடவில்லை.

வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கிறது. இன்று கொல்லைப்பக்கம் ஓடவில்லை. வாசலுக்குப் போகவும் இல்லை.