பர்மனென்டா, கான்ட்ராக்டா?

போன ஞாயிற்றுக்கிழமை வடக்குத்து கிராமத்தில், அம்மா வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சர்வதேச மீட்டிங்கில் கலந்துகொண்டேன். லேப்டாப் ஒரு ஸ்டூலில். ஸ்டூல் ஆடாமலிருக்க அடியில் மடித்த அட்டை. பின்னால் அம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி.

நிலத்தடி நீர் பற்றிக் கட்டுரைகள் வெளியிடும் ஒரு வெளிநாட்டு ஆய்விதழ், சில மாதங்களுக்கு முன் என்னை அதன் ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டது. இணையதளத்தில் என் படம், பெயர், பக்கத்தில் 'இந்தியா'. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பக்கத்தை அம்மாவிடம் எத்தனை தடவை காட்டியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

மீட்டிங் தொடங்குமுன் அம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இத்தினி பேருல நம்ம பக்கத்து மூஞ்சி ஒன்னுகூட காணமே... ஆமா, ஒன்ன இதுல பர்மனென்டா எடுத்துக்கினாங்களா, கான்ட்ராக்டா?"

சுரங்க வேலையை நம்பிய எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன வேலை கிடைத்தாலும் முதல் கேள்வி இதுதான். மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதுதான். சிரித்துவிட்டு, இது சம்பளமில்லாத வேலை, கௌரவம் என்றேன்.

"சரி, வேலையாவது குடுத்தாங்களா?"

இல்லை. சேர்ந்த நாளிலிருந்து ஒரு கட்டுரைகூட என்னிடம் வரவில்லை. எதை ஏற்பது, எதைத் திருப்புவது என்பதெல்லாம் மேல் வரிசையில் இருக்கும் சிலரின் கையில். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஊர்க்காரர்கள்.

"ஒங்கப்பா பேருகூடத்தான் கான்ட்ராக்டர்கிட்ட இருந்துச்சு. கூப்புட்டாத்தான வேல?" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்கு, சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் நான் படித்த பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு மலருக்கு மாணவர் குழு போட்டார்கள். எல்லோரும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். வெளியிலிருந்து ஒருத்தியாவது இருக்கட்டும் என்று டீச்சர் என்னைச் சேர்த்தார். குரூப் போட்டோ என்றதும் அம்மா செம்புக்குள் கங்கு போட்டு யூனிஃபார்மைத் தேய்த்துக் கொடுத்தாள்.

போட்டோவில் இருந்தேன். மீட்டிங்கில்தான் இல்லை! அது சாயங்காலம் கோமதியின் குவார்ட்டர்ஸில் நடக்கும். என் பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். மறுநாள் போனால், எல்லாம் முடிவு பண்ணியாச்சு என்பார்கள்.

கோமதி வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். அப்பா மைன்ஸில் பர்மனென்ட். ஒருநாள் அவளே கேட்டாள்: "ஏட்டி, நீ ஏன் மீட்டிங்குக்கு வரவே மாட்டேங்க?"

பஸ் என்றேன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மீட்டிங் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய மரத்தடியில். அவள் டப்பாவில் தேங்காய்ப்பால் சொதி, என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. பரிசீலனைக்கு வந்த கதைகள் பலவற்றில் இரண்டும் கலந்த கறை இருந்தது... இப்போதும் டவுன்ஷிப்பின் மரம் கவிந்த சாலைகளில் போனால், மஞ்சள் பூ உதிர்ந்த அந்த மத்தியானங்கள் கூடவே வருகின்றன.

கம்மாபுரம் கிராமத்திலிருந்து வந்து படித்த பெண் ஒருத்தி, தன் வீட்டு வயலில் நாற்று நட்ட நாளைப் பற்றி எழுதியிருந்தாள். இதை யார் படிப்பார்கள் என்று ஒரு பையன் கேட்டான். நான் படிப்பேன் என்றேன். மலரில் வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

சரி, திரைக்கு வருவோம்.

தலைமை ஆசிரியர் அன்பான பெரியவர். ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார். ரகசியம் என்பதால் விவரம் வேண்டாம். சுரங்கத்தை ஒட்டிய சில கிராமங்களின் கிணறுகள் பற்றியது. நம் ஊர் இல்லை. ரொம்ப 'லோக்கல்' விஷயம், மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிடலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை.

யாரோ ஒருவர் கிணறு கிணறாக அலைந்து எழுதியது. யாரும் படிக்காமலே முடியப் போகிறது.

மியூட்டை எடுத்தேன். போன இதழில் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரின் ஆற்றைப் பற்றிப் போட்டோமே, அது லோக்கல் இல்லையா என்று கேட்டேன்.

"அதை என்னிடம் கொடுங்கள். நான் படிக்கிறேன்" என்றேன்.

உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை, ஆனால் கூடாது என்று விதியும் இல்லை என்றார் பெரியவர். மறுநாள் கட்டுரை வந்துவிட்டது. சரியில்லை என்றால் நானே திருப்பி அனுப்புவேன். ஆனால் படித்துப் பார்த்து, மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டு.

எல்லா நாட்டவர் படங்களையும் இணையப் பக்கத்தில் போட்டுவிடலாம், அது சுலபம். மீட்டிங் நேரத்தை மாற்றத்தான் மனசு வேண்டும். கோமதிக்கு அது ஒன்பதாம் வகுப்பிலேயே இருந்தது.

நேற்று அம்மா போனில் கேட்டாள்: "இன்னா, பர்மனென்ட் ஆக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா... ஆனா வேலைக்கு ஷிஃப்ட் போட்டுட்டாங்க."